எந்தத் தண்ணீர்?

— தூக்கிப் பாரு மது. மூக்கைப் பொத்திக்க வேண்டாம், நாத்தமே இல்ல. அதுலதான் இன்னிக்குக் காலம்பர எனக்குச் சந்தேகம் தட்டித்து.

— ஆயிரத்து நூறு கிராமா? ஒரே டயப்பரா அக்கா?

— ஒண்ணேதான். நானே நிறுத்தேன். செவ்வாய்க்கிழமைலேர்ந்து தினம் மூணு, மூணும் இதே லட்சணம். தலகாணி மாதிரி உப்பிண்டு வரது. ஆயாவைக் கேட்டா, தாதூ, அப்பாவைத்தான் சொல்றா, நெறையப் போறார் திதிங்கறா. யாருக்குக் காது குத்தறா?

— அச்சா. சந்தியா என்ன பண்றதா நீ நெனைக்கறே?

— நெனைக்க என்ன இருக்கு? அப்பாவைக் காலம்பரலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஒண்ணுலயே போட்டு வெச்சுடறா. மாத்தினேன்னு எனக்குக் காட்டறதுக்குப் புதுசை பாத்ரூம் குழாயில நனைச்சு வாளில போடறா. நாள் பூரா மொபைல்ல சீரியல். ஆயா சென்டருக்குப் போன் பண்ணிட்டேன், நாலு மணிக்கு வேற ஆள் வரா.

— அவகிட்டச் சொல்லிட்டியா?

— சொன்னேன். பால்கனில உக்காந்து அழுதுண்டிருக்கா. அழட்டும். இடுப்பு முறிஞ்சு படுத்திருக்கற மனுஷனை ஏமாத்தறவளுக்கு நான் எதுக்கு உருகணும்? பன்னண்டு வருஷமா ஜாதவ்பூர் யுனிவர்சிட்டி லேப்ல ஜெல்லு ஜெல்லுன்னு உயிரை விடறியே, இதுக்குள்ள இருக்கறதும் அதானே?

— அதேதான். வெறும் பொடியா இருக்கும், ஈரம் பட்டா ஜெல்.

— அப்ப இது அப்பா போனதா, குழாய்த் தண்ணியான்னு சொல்லு. சென்டர்காரா வந்தா நான் ஆதாரத்தோட பேசணும்.

— பாதி இப்பவே சொல்லிடலாம். இது மூத்திரம் இல்ல.

— பாத்தியா. எப்படிச் சொல்றே?

— அந்தப் பொடி ஒவ்வொண்ணும் ஒரு வலை அக்கா. நீள நீளமா நூல், அங்கங்க முடிச்சு. நூல் எல்லாத்துலயும் ஒரே ஜாதி மின்சாரம், அதனால ஒண்ணுக்கொண்ணு ஆகாது. தண்ணி உள்ள வந்ததும் விலகி விலகிப் போகும், வலை விரியும். முடிச்சு விடாது, அதனால கரைஞ்சும் போகாது.

— கையைச் சேர்த்துக் கட்டின சண்டைக்கார சம்பந்திகள்னு சொல்லு.

— ஆமா. அங்க உப்பு வந்துட்டா சண்டை அடங்கிடும், வலை அவ்வளவா விரியாது. மூத்திரத்துல உப்பு உண்டு. இந்த டயப்பர் அதை அரை லிட்டர் பிடிச்சாலே பெரிசு, மீதி வழிஞ்சிருக்கும். படுக்கை நனைஞ்சுதா?

— ஒரு சொட்டு இல்ல.

— அப்ப இது வெறும் தண்ணி. ஒரு லிட்டர், முழுசா உள்ள போயிருக்கு.

— நான் சொன்னேன், யார் கேட்டா?

— இரு அக்கா, எந்தத் தண்ணின்னும் பாத்துடலாம். மூணு டம்ளர் குடு. முதல் டம்ளர்ல புது டயப்பர் பொடி, பாத்ரூம் தண்ணில ஊற வெச்சது. ரெண்டாவதுல அதே பொடி, அடுக்களை ஃபில்டர் தண்ணில ஊறினது. மூணாவதுல அப்பாவோட இந்த டயப்பர்லேர்ந்து ஒரு ஸ்பூன். இப்ப மூணுக்கும் மேல ஃபில்டர் தண்ணியை ரொப்பறேன். அரை மணி ஆகட்டும்.

— என்ன தெரியும் அதுல?

— பாத்ரூம்ல வரது போர்வெல் தண்ணி. வாளி பூரா வெள்ளைப் படலம் பாரு, அவ்வளவும் சுண்ணாம்பு. அது வலைக்குள்ள போய்ப் புதுசா முடிச்சுப் போட்டுடும். ஒரு தடவை அதைக் குடிச்ச ஜெல், அப்பறம் எவ்வளவு நல்ல தண்ணி விட்டாலும் பெருசாகாது. ஃபில்டர் தண்ணில அந்தச் சுண்ணாம்பு கிடையாது. ஆமா, இந்த டயப்பரை வாளிலேர்ந்தா எடுத்தே?

— இல்ல. இன்னிக்கு மத்யானம் நான் எதிர்ல நின்னு அவுக்கச் சொன்னேன். அப்பா மேலேர்ந்து எடுத்தது.

— நனைச்சு வாளில போடறான்னியே?

— இன்னிக்குக் கட்டினதுமேலயே ஊத்தியிருப்பா. நான் வந்து நிப்பேன்னு மோப்பம் பிடிச்சிருப்பா, கெட்டிக்காரி.

— மடியில ஒரு லிட்டர் ஜில்லுன்னு ஊத்தினா அப்பா வாயைத் திறக்கமாட்டாரா?

— அவர் எங்கடா பேசறார். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸையே ஆட்டி வெச்ச மனுஷன், இப்ப சுவத்தைப் பாத்துண்டு கிடக்கறார். ரெண்டு நாளா சாதம் வேண்டாம், வாய் கசக்கறதாம். காலும் வீங்கினாப்ல இருக்கு. இவ தூக்கி உக்கார வெச்சாத்தானே? தண்ணி ஒண்ணுதான் ஒழுங்காக் குடிக்கறார். தினம் மூணு பாட்டில் காலி.

— டயப்பரை நிறுக்கச் சொன்னது யாரு, டாக்டரா?

— ஆமா. கிட்னி சோர்ந்திருக்கு, ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்குக் குறைஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துடுங்கோ, டயாலிசிஸ் பண்ணணும்னார். அப்பா கட்டில்லேர்ந்தே கத்தினார், உங்கம்மாவைக் கொண்டுபோன எடத்துக்கு நான் வரமாட்டேன்னு. எடை குறையலையேன்னு நானும் நேத்து வரைக்கும் டாக்டருக்கு சரியா இருக்குன்னே மெசேஜ் போட்டுண்டிருந்தேன்.

— நீ ஒரு நாள்கூட எடை பாக்கறதை விடமாட்டேன்னு அவருக்குத் தெரியுமோல்லியோ?

— அவர் கண்ணு முன்னாடிதானே நிறுக்கறேன். ஏண்டா மொகம் ஒரு மாதிரி இருக்கு?

— டம்ளரைப் பாரு. பாத்ரூம் தண்ணி குடிச்சது அடியில மணல் மாதிரி கிடக்கு. ஃபில்டர் தண்ணி குடிச்சது விளிம்புக்கு வந்தாச்சு.

— மூணாவதும் விளிம்புல நிக்கறதே.

— நிக்கறது.

— அப்ப ஃபில்டர்லேர்ந்து பிடிச்சிண்டு போயிருக்கா. திருட்டுத்தனத்துலயும் ஒசத்தியான தண்ணி கேக்கறது.

— சந்தியா அடுக்களைக்குள்ள வருவாளா?

— வரமாட்டா.

— ஏன்?

— ஏன்னா என்ன? நம்மாத்துல ஆயாவை உள்ள விடற வழக்கம் இல்லியே. அவளும் தாண்டமாட்டா. அவளுக்குக் குடிக்கறதுக்குக்கூட நான்தான் தனி டம்ளர்ல கொண்டு குடுப்பேன்.

— அப்ப ஃபில்டர் தண்ணி அந்த ரூமுக்கு எப்படிப் போறது?

— நான் அப்பா பாட்டிலை ரொப்பித் தலமாட்டுல வெப்பேன். லிட்டர் பாட்டில். ஏன், அதை எடுத்து அவ ஊத்தியிருக்கக்கூடாதா?

— நாலு அடில பாத்ரூம் குழாய் இருக்கறபோது, நீ பாத்துப் பாத்து ரொப்பற பாட்டிலை அவ எதுக்கு எடுக்கணும்? எழுந்து குழாய்க்குப் போக முடியாதவாளுக்குத்தான் அது வேணும்.

— நீ என்ன சொல்ல வரே? அவராலதான் அசையவே முடியலையே.

— இடுப்புதானே முறிஞ்சிருக்கு. கை ரெண்டும் நன்னா இருக்கு. சந்தியா துணி உலர்த்தப் போனா ரூம்ல யாரும் இல்ல.

— அப்ப மூணு நாளா நான் நிறுத்தது?

— அத்தனையும் நீ ரொப்பிக் குடுத்த தண்ணி, ஆஸ்பத்திரிக்குப் பயந்து அப்பாவே உள்ள ஊத்திண்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு அக்கா. செவ்வாய்க்கிழமைலேர்ந்து அப்பாவுக்கு மூத்திரமே வரல.