மேசைக்கு அடியில் கணக்கு

மலேசியாவின் கிள்ளானில் ரயில் ஏறியதும் எனக்கு எதிரே இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்தார்கள். இளையவர் ஆரம்பித்தார். "நேத்து என் கிளாஸ்ல ஒரு நாற்காலியிலயும் ஆள் இல்ல அக்கா. அப்பப் பார்த்து கல்வி இலாகா ஆபிசர் வந்துட்டாரு."

ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் இதைக் கேட்டபின் யார் காதை மூடுவார்கள்?

"பிள்ளைங்கல்லாம் எங்க?" என்றார் மூத்தவர்.

"மேசைக்கு அடியில லா! தர்ஷினிக்கு அங்க உட்கார்ந்தாதான் கணக்கு வருதுன்னு விட்டிருந்தேன்ல? மத்ததுங்களும், 'எங்களுக்கும் அங்கதான் வரும் டீச்சர்'னு இறங்கிடுச்சுங்க."

"ஐயோ! ஆபிசர் என்ன சொன்னாரு?"

"குனிஞ்சு பார்த்தாரு. ஒருத்தன், 'அங்கிள், இங்க இடம் இருக்கு'ன்னு நகர்ந்தான். அவரும் உட்கார்ந்துட்டாரு அக்கா, டையோட!"

மூத்தவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பயிற்சி நோட்டுகள் சரிந்து என் காலடியில் விழுந்தன. பொறுக்கிக் கொடுத்தேன்.

"சரி, தர்ஷினி?"

"அவ மட்டும் வெளிய வந்து நாற்காலியில உட்கார்ந்துட்டா. இந்த வருஷத்துல இதான் முதல் தடவை. கேட்டா, 'கீழ ஒரே சத்தம் டீச்சர், எப்படிக் கணக்கு போடுறது?'ங்கிறா."