அசல் மாதிரியே இருந்த கம்பி

சென்ட்ரலிலிருந்து ஆவடி போகும் மின்சார ரயிலில், எதிர் இருக்கைக்காரர் சாக்கில் சுற்றிய இரும்புத் துண்டு ஒன்றை மடியில் வைத்திருந்தார். பக்கத்திலிருந்த நண்பரிடம் அவர் சொன்னதைக் கேட்டு, கைப்பேசியை அணைத்துவிட்டேன்.

"பழசு மாதிரியே கீதுன்னு ரிஜெக்ட் பண்ட்டாங்க மாமே."

"அப்டித்தானே செய்யச் சொன்னாங்க?"

"ஆமா. பிராட்வேல பழைய கடைக் கட்டடம். மாடிப்படில பூ வச்ச கம்பி ஒண்ணு ஒடஞ்சி போச்சி. நம்ம பட்டறைல வார்த்து எத்துகினு போனேன். பழைய கட்டடத்த பாதுகாக்கற ஆபீசரம்மாவுக்கே எது பழசு, எது புதுசுன்னு தெரியல."

"அப்புறம் இன்னாவாம்?"

"அதான் தப்பாம்! பாக்கறவன் ஏமாறக் கூடாதாம். புதுசுன்னு தெரியறாப்ல அடியில எதுனா பொறிச்சிகினு வரணுமாம். ரொம்ப நல்லா செஞ்சி ரிஜெக்ட் ஆனது எனக்கு இதான் ஃபர்ஸ்ட்டு."

"இன்னா பொறிக்கப் போற?"

"நம்ம ஊர் பேருதான், மண்ணூர்பேட்டைன்னு."

நண்பர் சிரித்தார். "படிக்கு அடியில எவன் குனிஞ்சி பாக்கப் போறான்?"

அவர் சாக்கை இழுத்து மூடிக்கொண்டார்.

"நூறு வருஷம் போவட்டும். அப்போ இதான் பழசு. ஒடஞ்சா, எங்க வார்த்ததுன்னு தேடிகினு அன்னிக்கி இருக்கற ஆபீசர் நம்ம ஊருக்குத்தான் வரணும்."