குடியரசு தினத்துப் பன்றி

ப்ரோட்னா காவல் நிலையம், 1991 நவம்பர் 29, மாலை.

என் பெயர் மாண்டா க்லெபாட்ஸ். வயது அறுபத்து மூன்று. காலஞ்சென்ற யுரே க்லெபாட்ஸின் மனைவி. குரோஷியாவில் குபா ஆற்றங்கரையில், ப்ரோட்னா கிராமத்தில், படகுத்துறைக்கு மேலே முதல் வீட்டில் குடியிருக்கிறேன்.

இன்று காலை படகில் வந்து இறங்கியபோது காவலர்களால் பிடிக்கப்பட்டு, பக்கத்து அறையில் வைக்கப்பட்டிருக்கும் மாதியா ஷ்டெர்க் என்பவரை எனக்கு வெகுகாலமாகத் தெரியும். அவர் அக்கரையில், இந்த ஆண்டு தனி நாடாகிவிட்ட ஸ்லோவேனியாவில், என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே குடியிருப்பவர். அவரிடம் கத்திகளும் ஒரு கோடாரியும் இருந்தது உண்மை. அவை என் பன்றிக்காகக் கொண்டுவரப்பட்டவை. உடைந்துபோன யூகோஸ்லாவியாவின் ஆள் என்றும், அதன் பிறந்த நாளைக் கொண்டாட எல்லை தாண்டி வந்தார் என்றும் சொல்லி அவரைத் தலைநகருக்கு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமல் நானே வந்து இதைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த இரண்டாம் ஆண்டில் போஸ்னியாவில் இளைஞர்கள் ரயில் பாதை போட்டபோது, என் கணவர் யுரேயும் மேற்படி மாதியாவும் ஒரே தள்ளுவண்டியில் மண் தள்ளினார்கள். நான் அங்கே சமையல் கூடாரத்தில் இருந்தேன். இருவரும் ஒரே ஆற்றின் இரு கரைக்காரர்கள் என்றாலும் பழகியது அங்கேதான். ஸ்லோவேனியர், செர்பியர், மாசிடோனியர் எல்லோரும் என் ஒரே அண்டாவிலிருந்துதான் பீன்ஸ் சாப்பிட்டார்கள். ஆறு குடியரசுகள் சேர்ந்த அந்த நாட்டை நாங்களே மண் கொட்டி எழுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டோம். அதன் பிறகு யுரேவுக்கும் எனக்கும் திருமணம் நடந்தது. மாதியா அக்கரைப் பெண்ணை மணந்தார்.

அதன் பிறகு ஆண்டுதோறும் நவம்பர் இருபத்தொன்பதில், கூட்டாட்சி அறிவிக்கப்பட்ட குடியரசு தினம் என்று அரசாங்கம் இரண்டு நாள் விடுமுறை விட்டது. குளிரும் சரியாக இருக்கும், ஆளும் கிடைக்கும் என்பதால் நாடே அன்றைக்குத்தான் பன்றி அடித்தது. ஊட்டி வளர்த்த வீட்டார் கத்தி எடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனவே எங்கள் பன்றியை மாதியா அடிப்பார், மறுநாள் அவருடையதை யுரே அடிப்பார். கத்தி இறங்கும் முன் யுரே பன்றியின் காதருகே குனிந்து, "தோழரே, இன்னிக்கு நாட்டுக்குப் பொறந்த நாள். உங்களுக்குத்தான் நாள் சரியில்ல" என்பார். ஒவ்வொரு ஆண்டும் அதையேதான் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு ஆண்டும் சிரிப்போம். மாதியாவின் மனைவி இறந்து, அதன் பிறகு யுரேயும் இறந்த பின், மாதியா என் பன்றியை அடிக்க வருவார், நான் அவர் வீட்டுக்குப் போய் இரத்தத் தொத்திறைச்சி செய்துகொடுத்து வருவேன்.

அந்த நாட்டை நேசித்தீர்களா என்று இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி கேட்டார். நேசித்தேன். வாயைத் திறந்தவனை உள்ளே தள்ளிய நாடு அது, காபிக்கு வரிசையில் நிற்க வைத்த நாடு, அதுவும் தெரியும். இந்த மே மாதம் தனி நாட்டுக்குத்தான் வாக்களித்தேன், அதையும் எழுதிக்கொள்ளவும். ஆனால் ஆற்றின் நடுவே கோடு போடு என்று நான் எந்தச் சீட்டிலும் குறிக்கவில்லை.

இன்று காலை துறையில், பன்றியின் மயிர் களைய வெந்நீர் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். படகு கரை தொட்டதும் வெளியூர்க் காவலர் இருவர் வந்தார்கள். அவர்கள் "எந்த நாட்டுலேருந்துய்யா வர்ற?" என்று கேட்டதற்கு மாதியா "வீட்டுலேருந்து" என்றார். "கத்தி எதுக்கு?" என்றதற்கு, "இன்னிக்கு இருபத்தொம்போதாச்சே தம்பி, உங்க வீட்டுல பன்னி இல்லியா?" என்றார். தேதியைக் கேட்டதும் அவர்கள் அவர் கையைப் பின்னால் கட்டினார்கள். "நாடு போச்சுன்னா தேதியுமா போயிடும்?" என்று நான் கத்தியதும், வெந்நீர்க் குடத்தைக் கீழே போட்டதும் உண்மை. காவலரின் பூட்ஸ் நனைந்ததற்கு வருந்துகிறேன்.

இவ்வளவையும் கேட்ட பிறகு அதிகாரி என்னிடம், "எல்லாஞ் சரிம்மா. பன்னி அடிக்க வர்ற ஆளு எதுக்குக் கறுப்புக் கோட்டும் டையும் போட்டுக்கிட்டு வரணும்? கொடியேத்த வந்தவரு மாதிரியில்ல இருக்காரு?" என்று கேட்டார்.

தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். காலையில் அவர் மேலே சாக்குத் துணி கட்டியிருந்ததால் உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை.

போன ஆண்டு இதே நாளில், வேலை முடிந்து பிளம் சாராயம் குடித்துக்கொண்டிருந்தபோது மாதியா என்னிடம், "ரெண்டு கெழங்களுக்கு எதுக்கு மாண்டா ரெண்டு அடுப்பு?" என்று கேட்டார். நான் முகம் கொடுக்காமல், "அடுத்த பன்னிக்குப் பாக்கலாம்" என்றேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார் என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஆகவே அவர் எந்த நாட்டுக்கும் கொடியேற்ற வரவில்லை. என்னைக் கேட்க வந்தார். துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கும் கரைக்கு, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, தானே துடுப்புப் போட்டு வந்தார்.

என் பதில் சம்மதம் என்பதாகும். அவருக்கு முன்னால் போலீசுக்குத் தெரியவேண்டி வந்ததில்தான் எனக்கு மனவருத்தம். சொந்த விஷயம், இதைத் தாளிலிருந்து அடித்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

மேலே கண்ட யாவும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சொன்னபடியே இருக்கிறது, உண்மை. இதே தாளைப் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் வாசித்துக் காட்டக் கோருகிறேன். அவருக்கு இடது காது கேட்காது. வலப்பக்கம் நின்று, கொஞ்சம் உரக்க வாசிக்கவும்.

(ஒப்பம்) மாண்டா க்லெபாட்ஸ்