பத்து மூச்சு

திங்கட்கிழமை வகுப்புக்கு நான் ஒரு வாரம்கூட மட்டம் போட்டதில்லை, சார்ஜென்ட். முதல் ஆளாகப் போய் நாற்காலிகளை வட்டமாகப் போடுவதே நான்தான். படகுக்காரன் வாரிக்கின் வண்டிக் கண்ணாடியைத் துடுப்பால் உடைத்ததற்காக, கோபத்தை அடக்கக் கற்றுக்கொள் என்று நீதிமன்றம் என்னை அங்கே அனுப்பியது.

உடைத்த காரணம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அபலோன் சிப்பி எடுக்க மூழ்கிய என் தம்பி டெக்லன், மேலே வந்ததும் கைகால் விளங்காமல் படகில் சுருண்டு விழுந்தான். உடனே ஹோபார்ட் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான். வாரிக் இன்னும் மூன்று மூட்டை சிப்பி எடுத்துவிட்டுத்தான் கரைக்குத் திரும்பினான். விசாரணையில், "அவன் குடிச்சிட்டுத்தான் எறங்குனான்" என்றான். டெக்லன் பீர்கூடத் தொடாதவன். வாரிக்கை நான் வெறுத்தேன், அதை மறைக்கவில்லை.

வகுப்பு நடத்தும் ஃபிலிப்பா நல்லவள். "கெட்ட நெனப்பு வந்தா அதோட மல்லுக்கு நிக்காத, ஷோனா. அதுக்கு ஒரு பேர் வை. பத்து மூச்சு விட்டுட்டு வேடிக்க பாரு. நீ ஒண்ணும் செய்ய வேணாம், அதுவே போயிடும்" என்பாள்.

ஆறாவது வாரம் வாரிக்கே வந்து கூப்பிட்டான். "பழச விடு. படகுல ஆளில்ல, வர்றியா?"

போனேன். மூழ்குகிறவனுக்குக் காற்று அனுப்பும் இயந்திரத்தையும் குழாயையும் மேலே ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் மூன்று முறை இழுபட்டால் ஆளைத் தூக்க வேண்டும். படகுத்துறையில் நாலு பேர் முன்னால் வாரிக், "என்ன சாமியாரம்மா, இன்னிக்கு எத்தன மூச்சு ஆச்சு?" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

வியாழக்கிழமை அவன் இருபது மீட்டர் ஆழத்தில் பாறை இடுக்கில் இருந்தபோது இயந்திரம் நின்றது. பெட்ரோல் கேன் என் காலடியில் இருந்தது. குழாய் மூன்று முறை இழுபட்டது. அந்த நேரம் பார்த்து நினைப்பு வந்தது. ஃபிலிப்பா சொன்னபடியே செய்தேன். 'இது பழி' என்று பெயர் வைத்தேன். பத்து மூச்சு விட்டேன். குழாய் மறுபடி இழுபட்டது. நினைப்பு போகவில்லை, அதனால் இன்னொரு பத்து. தோள் இறுகுவதையும் பல் கடிபடுவதையும் கவனித்துத் தளர்த்திக்கொண்டேன். நாற்பதாவது மூச்சில் குழாய் அசையவில்லை. நினைப்பும் போய்விட்டிருந்தது. அவள் சொன்னது சரிதான்.

அவன் முதுகில் அவசரத்துக்கு இருந்த சின்ன சிலிண்டர் ஏன் காலி என்று கேட்டீர்கள். அதை நிரப்புவது என் வேலை. செவ்வாய்க்கிழமையிலிருந்து நிரப்பவில்லை. அன்று காலை இயந்திரத்தில் அரை டாங்க் மட்டும் ஊற்றியதும் நான்தான். முக்கால் மணி நேரம் ஓடும் என்று தெரியும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

வருகிற திங்கள் கடைசி வகுப்பு. எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே?