ஏகநாதன் அனுப்பிய போட்டோ

மழைக்காலத்தில் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் யாரும் ஷூவை உதறாமல் கால் நுழைக்கமாட்டார்கள் சார். எங்கள் தெருவுக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். தண்ணீர் மோட்டார் ரிப்பேர்தான் தொழில். ஆனால் மெக்கானிக் மதியழகன் என்று கேட்டால் முழிப்பார்கள். பாம்பு மதி என்றால் என் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள்.

பன்னிரண்டு வருஷமாகப் பாம்பு பிடித்து வனத்துறையிடம் ஒப்படைக்கிறேன். போட்டோ அனுப்பினால் விஷமுள்ளதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு ஏகநாதன், நலச்சங்கச் செயலாளர், அவர் வீட்டில் மட்டும் நான்கு முறை பிடித்திருக்கிறேன். ஒருமுறை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நல்லபாம்பு. அவர் மனைவி சரிதா அதைப் பார்க்காமல் அங்கே கையை நீட்டிவிட்டிருந்தார். அன்று ஏகநாதன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகையை நான் நம்பினேன்.

போன ஆவணியில் சங்கக் கூட்டம். அவர் ஏரிக்கரையில் கொட்டிய கட்டட இடிபாட்டில்தான் பாம்பு அடைகிறது என்றேன். மறுவாரம் ஒரு மனுவை எழுதிக்கொண்டுவந்து வாசித்தார். பேர் வாங்குவதற்காக நானே பாம்பைக் கொண்டுவந்து வீடுகளில் விடுகிறேனாம். "இவன இனிமே யாரும் நம்பாதீங்க," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். தெருவே கையெழுத்துப் போட்டது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று சார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவரிடமிருந்தே போட்டோ வந்தது. "மதி, சோபா அடியில பூந்துகிச்சு. இது இன்னா பாம்புப்பா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளிக்கோல் வரையன் என்றொரு சாதுப் பாம்பு உண்டு. அதற்குப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. இது கட்டுவிரியன். அது ராத்திரியில்தான் வெளியே வரும். முதுகுவலிக்காக ஏகநாதன் ஹாலில் பாய் விரித்துத் தரையில்தான் படுப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கோல் வரையன், விஷம் கிடையாது, சீண்டாமல் விட்டால் தானே போய்விடும் என்று பதில் அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் சரிதா போன் செய்தார். "அண்ணா, அவருக்கு வயிறு புடிச்சு இழுக்குதாம். கண்ணையே தொறக்க முடியல. அந்தப் பாம்பு எதுவும் பண்ணியிருக்காதுல்ல?"

கட்டுவிரியன் கடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. வலிக்காது, வீங்காது. முதலில் வயிறு வலிக்கும், பிறகு இமை சரியும். அந்த நேரத்திலும் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வழியுண்டு. தாம்பரத்துக்கு ஆட்டோவில் கால் மணி நேரம்.

"அதுக்கு விஷமே இல்லம்மா," என்றேன். "கேஸா இருக்கும். ஓமத்தண்ணி குடு."

பத்து மணிக்கு மூச்சு நின்றது.

அடையாளம் தெரியாமல் சொன்னாயா என்று கேட்டீர்கள். இல்லை சார். இரண்டு முறையும் தெரிந்துதான் சொன்னேன். ஆனால் என்னை நம்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டவர், அப்புறமும் என்னையே நம்பினால், அது என் தப்பா?