பலாப்பலகையில் நான்கு பெடல்

வத்தேகம பஸ்ஸில் வார்னிஷ் வாசம். பள்ளிக்கூடத்துக்குப் புது மேசைகள் வந்த ஒரு தை மாதம் என் மூக்கில் உட்கார்ந்து எழுந்தது. முன்சீட்டில் கிட்டார்காரர் ஒருவர் பலாப்பலகையைச் சாமிப்படம்போல நிமிர்த்திப் பிடித்திருந்தார். அதில், காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை மாற்றும் நான்கு பெடல்கள்.

"யானை மிதிச்சாலும் அசையாது மச்சான்," என்றார் பக்கத்து நண்பரிடம். "கடைப் பலகையில பெடலைப் பிச்சுப் பிச்சு ஒட்டலாம். அதெல்லாம் ஒரு பிடிப்பா? நான் தச்சுப்பசை போட்டு, ரெண்டு நாள் அம்மிய ஏத்தி வச்சேன்."

நண்பர் குனிந்து பார்த்தார். "பேட்டரி எங்க மாத்துறது?"

"பெடலுக்கு அடியில மூடி இருக்கு."

"அடியிலயா?"

பஸ் ஒரு வளைவை முழுசாகத் திரும்பி முடித்தது.

"வயர் குத்தி கரன்ட் எடுக்க ஏலாதா?"

"அந்த ஓட்டைய மறைச்சுத்தான் சட்டம் அடிச்சேன். அழகுக்கு."

"பேட்டரி புதுசா?"

"போன மாசம் போட்டது." குரல் இறங்கிவிட்டது. "நான் வாசிக்கிற முதல் கல்யாண வீடு மச்சான், இன்னைக்கு."

மடவளையில் நண்பர் எழுந்தார். படியில் நின்று திரும்பினார்.

"பொண்ணு மாப்பிள்ளைய முதல்ல ஆடச் சொல்லு. சாப்பாட்டைப் பிறகு பாத்துக்கலாம்."