ஒரு துணைக்கால் வித்தியாசம்

இந்த விசாரணை அறையில் காற்று நன்றாக வருகிறது. எங்கள் அலுவலகத்தில் மின்விசிறி கணினியைப் பார்த்துத்தான் சுற்றும். மனிதர்கள் ஓரமாக உட்கார்ந்து வியர்த்துக்கொள்ளலாம். நான் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. விட்டுக்கொடுப்பது எனக்குப் பிறந்த அன்றே தொடங்கிய பழக்கம்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நான் மக்கள் பதிவு அலுவலகத்தில் புரோகிராமர். என்னோடு இரட்டையாகப் பிறந்த அண்ணனும் அங்கேதான், சரிபார்ப்புப் பிரிவில். ஊரின் மொத்தப் பதிவும் ஒரே கோப்பில் இருந்தது. நாற்பத்திரண்டு லட்சம் பேர், ஆளுக்கு ஒரு வரி. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் கோப்பைத் திறப்பேன். கணினி பத்து நிமிடம் முனகும். பிறகு "நினைவகம் போதவில்லை" என்று எழுதிவிட்டுப் படுத்துவிடும்.

எங்கள் பிரிவுத் தலைவர் அடுத்த மாதம் ஓய்வுபெறுவதாக இருந்தது. மனுஷர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டருக்கே ஞாபகமறதின்னா நாமெல்லாம் எங்கப்பா போறது?"

"கூடுதலா மெமரி வாங்கிப் போட்டா சரியாயிடும் சார்."

"இருக்கிறத வச்சுச் சமாளி. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள முடிச்சுக் குடு."

சமாளித்தேன். என் மேல் நீங்கள் வைக்கும் குற்றச்சாட்டின் சுருக்கம் அதுதான்.

முதலில் தேவையில்லாத விவரங்களை எடுத்தேன். அடையாளக் குறி என்று ஒரு பத்தி இருந்தது. இடது கன்னத்தில் மச்சம், வலது முழங்கையில் தழும்பு என்று ஆளாளுக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஒரே மதியத்தில் நாற்பத்திரண்டு லட்சம் பேரின் மச்சங்களை அகற்றினேன். யாருக்கும் வலிக்கவில்லை. அடுத்து, பிறந்த நேரம். தேதி இருக்கும்போது நேரம் எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டேன். இடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். நான் சிக்கனமானவன்.

அப்படியும் போதவில்லை. அப்போதுதான் நம் எழுத்தைக் கவனித்தேன். கணினிக்கு 'ம' என்பது ஓர் எழுத்து. பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டு 'மா' ஆக்கினால் இரண்டு எழுத்துக்கான இடம் பிடிக்கும். கொம்பு, சுழி, தலைமேல் வைக்கிற புள்ளி, எல்லாமே தனித்தனியாக இடம் கேட்கும். எனவே மொத்த ஊரின் பெயர்களிலிருந்தும் கால், கொம்பு, சுழி, புள்ளி அனைத்தையும் உருவிவிட்டேன். இடம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாமா 'மம' ஆனார். மாமியும் 'மம' ஆனார். குடும்பத்தில் அதனால் பெரிய குழப்பம் வராது என்று நினைத்தேன்.

இப்போது ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே பிறந்த தேதி, ஒரே பெயர் என்றால் ஒரே ஆள்தான் என்று விதி எழுதினேன். நியாயமான விதி. இரண்டு வரி இருந்தால் பின்னால் இருப்பதை வைத்துக்கொண்டு முன்னால் இருப்பதை நீக்கச் சொன்னேன்; பின்னால் எழுதியது திருத்தமாக இருக்கும் அல்லவா?

இரட்டைக் குழந்தை பிறந்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருவனுக்கு ஒரு பெயர் வைத்து, அதிலேயே ஒரு காலை நீட்டி இன்னொருவனுக்கு வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்கும் அண்ணனுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அதுவும் அவனிடம்தான் இருந்தது.

ஆக, பதினோராயிரத்து நூற்று நான்கு பேர் காணாமல் போனார்கள். எல்லோரும் இரட்டையரில் மூத்தவர்கள்; முதலில் பிறந்ததால் பதிவிலும் முன்வரியில் இருந்தவர்கள். இது தற்செயல்.

அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். தங்கமானவன். என்னைவிட ஒன்பது நிமிடம் மூத்தவன். ஒன்பது நிமிடத்தில் ஒருவன் என்ன அனுபவம் சேர்த்துவிட முடியும்? ஆனாலும் ஜன்னலோரம் அவனுக்கு, முதல் குளியல் அவனுக்கு, புது சைக்கிள் அவனுக்கு. "அண்ணன்டா, விட்டுக்குடு" என்பதுதான் நான் வாழ்க்கையில் அதிகம் கேட்ட வாக்கியம். பிரிவுத் தலைவர் பதவிக்கான தேர்விலும் இருவருக்கும் ஒரே மதிப்பெண். சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கே நாற்காலி என்று விதி. இந்தத் தகவலுக்கும் நினைவகத்துக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

நியமன உத்தரவுக்காகப் பிறப்புச் சான்று எடுக்கப் போன அண்ணன் என் மேஜைக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"டேய், நான் பிறக்கவே இல்லையாம்டா. கவுன்ட்டர்ல சொல்றாங்க."

"நல்லாப் பாக்கச் சொன்னியா?"

"மூணு தடவ பாத்துட்டாங்க. நீ இருக்கியாம். நான்தான் இல்லையாம். நீயாவது இருக்கியேன்னு நிம்மதியா இருந்துச்சுடா."

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எது மூத்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்றாள். "ரெண்டு பேரையும் ஒண்ணாத்தானடா சுமந்தேன்? ஒருத்தன மட்டும் எப்படிடா எறக்கி விட்ட?" நினைவகத்தின் எல்லைகளைப் பற்றி விளக்கினேன். அவள் எனக்கு மட்டும் சோறு போடவில்லை.

வேறு வழியே இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தது. கோப்பை மொத்தமாக ஏற்றாமல் தெருத் தெருவாகப் பிரித்துப் படித்தால், எங்கள் ஓட்டைக் கணினியே அரை நாளில் முடித்திருக்கும். இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் முதல் வாரமே கற்றுக்கொள்வது. எனக்கு அன்றே தெரியும். அண்ணனை நீக்க ஒரு வரி போதுமே, மற்ற பதினோராயிரத்து நூற்று மூன்று பேர் எதற்கு என்றும் கேட்டீர்கள். அவனை மட்டும் நீக்கினால் அது பழிவாங்கல். பொது விதி போட்டு நீக்கினால் அது நிர்வாகம். எனக்குப் பழிவாங்கும் குணம் கிடையாது.

மேலும், தவறைத் திருத்தும் படிவத்தையும் நான்தான் தயாரித்துக் கொடுத்தேன். காணாமல் போனவரின் விவரங்களைப் பதிவில் மிஞ்சியிருக்கும் உடன்பிறப்பு தன் நினைவிலிருந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். பழைய கோப்பு இல்லாதபோது வேறு என்ன செய்ய முடியும்? அம்மாவைக் கேட்கலாம் என்பீர்கள். வயிற்றை அறுத்துத்தான் எங்களை எடுத்தார்கள். அம்மா அப்போது மயக்கத்தில் இருந்தாள். அவள் சாட்சி செல்லாது.

இன்று காலை அண்ணனுக்கான படிவத்தை நிரப்பினேன். பெயர், வீடு, தேதி, அந்தத் துணைக்கால், ஒன்றும் குறைக்கவில்லை. பிறந்த நேரம் என்ற கட்டத்தில் மட்டும் சற்று நேரம் யோசித்தேன். கண்ணை மூடி நினைத்துப் பார்த்ததில் எல்லாம் தெளிவாக ஞாபகம் வந்தது. முதலில் வெளிச்சத்தைப் பார்த்தது நான். ஒன்பது நிமிடம் தனியாகக் காத்திருந்தேன்.

இவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும்? அப்படியே அவனையும் உள்ளே கூப்பிடுங்கள். எனக்காகக் காலையிலிருந்து சாப்பிடாமல் இருக்கிறான். வெளியே பெஞ்சில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பவன்தான், என் தம்பி.